வெறுங்கால் மாதிரி ஒரு ஷூ

ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். சுவரில் பெரிதாக எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. ஷூ இல்லாமல் உள்ளே வரக் கூடாதாம். இரும்பு காலில் விழுந்தால் அவர்கள் பொறுப்பில்லையாம். கோயிலில் செருப்போடு விடமாட்டார்கள், இங்கே செருப்பில்லாமல் விடமாட்டார்கள். எங்கே போனாலும் என் காலுக்கு யாரோ ஒருவன் சட்டம் போட்டு வைத்திருக்கிறான் என்ற எரிச்சலோடு படி இறங்கினேன்.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா இறந்து எட்டு வருஷம். எனக்குக் கல்யாணம் ஆகி அது முறிந்துபோனது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

உடம்பைக் குறைக்க நான் ஜிம்முக்குப் போகவில்லை. அரசு ஊழியர்களுக்கு வருஷா வருஷம் விளையாட்டுப் போட்டி நடக்கிறது என்பதும், அதில் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எண்ணூறு மீட்டர் ஓட்டம் உண்டு என்பதும் எனக்கு அதுவரை தெரியாது. ஒரு வருஷத்துப் போட்டி முடிந்த பிறகு ஆபீசில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அடுத்தது எட்டு மாதத்தில், அரியலூரில். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அரியலூரில் எண்ணூறு மீட்டர். பதினைந்து வயதில் அதே ஊரில் அதே தூரத்தை ஓடி நான்காவதாக வந்தவள் நான்.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊர் ரஞ்சன்குடிப் பக்கம். மாசி பிறந்தால் எங்கள் ஏரி வற்றிவிடும். நடுவில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும், சுற்றிலும் வண்டல். மேலே காய்ந்து ஓடு மாதிரி இருக்கும், மிதித்தால் உள்ளே ஈரம் தட்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கரையில் ஒரு கருவேல மரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏரிக்குள் இறங்கி ஓடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஓட வேண்டும் போல இருந்தது, ஓடினேன். பள்ளியில் ஓட்டம் வைத்தபோது எல்லாரையும் விட்டு அரைச் சுற்று முன்னால் வந்தேன்.

வீட்டுக்குத் தெரியாமல்தான் இதெல்லாம். காரணம் அப்பா. நாங்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் வேலை செய்தவர்கள். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் சனம் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. போட்டிருந்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்ட வேண்டும். அப்பாவுக்குக் கழற்றுகிற வேலையும் இருந்ததில்லை, அவரிடம் செருப்பே இல்லை. பஸ் கண்டக்டர் வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் தோல் செருப்பு வாங்கி, ஊர்த்தெரு வழியாகவே வீட்டுக்கு வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பிள்ளைகள் தெருக்குழாய்க்குப் போனாலும் செருப்புப் போட வேண்டும். செருப்பு வாசலில் கிடக்கக் கூடாது. ஊரெல்லாம் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவார்கள், நாங்கள் உள்ளே கொண்டுபோய் பீரோவுக்குக் கீழே வரிசையாக வைப்போம். வெளியே போட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அப்பா காரணம் சொல்வார். நாய் அல்ல காரணம் என்பது எங்களுக்கே தெரியும். ஒரு தடவை நான் வெறுங்காலோடு கடைக்குப் போய் வந்ததற்கு அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

மாவட்டப் போட்டிக்கு அரியலூர் போக வேண்டும் என்று பள்ளியில் சொன்னதும் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷப்பட்டார். டூட்டி மாற்றிக்கொண்டு கூட வந்தார். வரும்போது கையில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கி, நுனியில் பேப்பர் அடைத்திருந்தார். நீளம் பெரிது, அகலம் சிறிது. விரல் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. குதிகால் ஒவ்வொரு அடிக்கும் கழன்று கழன்று விழுந்தது. மூன்று பேருக்குத்தான் அடுத்த சுற்று. நான் நான்காவது.

ஷூவைக் கழற்றிவிட்டு ஓடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார், நான் சொல்லவில்லை. அதோடு ஓட்டம் போனது. பிளஸ் ஒன் பள்ளிக்கூடம் டவுனில். பஸ்ஸில் போய் வரவே நேரம் சரியாக இருந்தது. ஆனால் இருபத்தேழு வருஷமாக, எங்கேயாவது உழுது போட்ட வயலைப் பஸ் ஜன்னலில் பார்த்தால் போதும், உள்ளங்கால் அரிக்கும். வெறுங்காலோடு ஓடியிருந்தால் அன்றைக்கு ஜெயித்திருப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சந்தேகப்பட்டதும் இல்லை.

அதனால் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்ட மறுநாளே காலையில் கிரவுண்டுக்குப் போய்ச் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு ஓடிப் பார்த்தேன். நூறு மீட்டர் கூடப் போகவில்லை. குடித்துவிட்டு எவனோ உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு குதிகாலில் ஏறியது. ஓடுகிற இடத்தில் உட்கார்ந்து குடிக்கிறவனை என்ன சொல்லித் திட்டினேன் என்று எழுதினால் அச்சில் ஏற்ற மாட்டார்கள். கால் ஆறியதும், முதலில் உடம்பில் வலு சேர்ப்போம் என்று ஜிம்முக்குப் போனேன். அங்கே ஷூ கேட்டார்கள்.

சரி என்று டவுனில் ஒரு கடையில் போய் வாங்கினேன். ஓடுவதற்கு என்று சொன்னதும் கடைக்காரர் எடுத்துப் போட்டதெல்லாம் அடியில் இரண்டு அங்குல நுரை வைத்தது. போட்டுக்கொண்டு நடந்தால் ஊறவைத்த இட்லி மேல் நடப்பது போல இருந்தது. அதுதான் நல்லது, முட்டிக்கு நல்லது என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி தருகிறவள் மீன்சுருட்டி ஊர்க்காரி. முப்பது வயது இருக்கும், முன்னாள் கபடி ஆட்டக்காரி, நெஞ்சில் பட்டதைப் பேசுகிறவள். தோளில் பாரத்தை வைத்து உட்கார்ந்து எழும்போது நான் தள்ளாடுவதை மூன்று மாதம் பார்த்தாள். ஒருநாள் குனிந்து என் ஷூவைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.

"அக்கா, மெத்த மேல நின்னு நெல்லு மூட்ட தூக்குவீங்களா?"

மாட்டேன் என்றேன்.

"அப்பறம் இது மட்டும் என்ன?"

ஷூவுக்குள் இருந்த அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னாள். நின்றேன். என் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இரண்டு பக்கமும் வெளியே வழிந்து கிடந்தன. இவ்வளவு அகலமான காலை இவ்வளவு சின்னப் பொந்துக்குள் திணித்து வைத்திருக்கிறேன். காலேஜிலிருந்து இன்றுவரை போட்ட எல்லாச் செருப்பும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. வெறுங்கால் மாதிரியே ஒரு ஷூ வருகிறது என்று அவள்தான் சொன்னாள். முன்னால் அகலமாக இருக்கும், விரல் விரியும். குதிகாலும் முன்னங்காலும் ஒரே மட்டம். அடிப்பாகம் மெல்லிசு, தரை தெரியும். ஜிம்காரனாலும் ஒன்றும் சொல்ல முடியாது, ஷூ ஷூதானே.

தரை தெரியும் என்ற இடத்தில் நான் விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பெரிய கடையில் கேட்டேன். எடுத்துக் காட்ட நின்ற பையனுக்குப் புரியவே இல்லை. மறுபடியும் நுரை ஷூவையே கொண்டுவந்து அடுக்கினான். மட்டமாக வேண்டும், மெல்லிசாக வேண்டும், விரல் விரிய வேண்டும், வெறுங்கால் மாதிரி இருக்க வேண்டும் என்று நான்கு தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "வெறுங்கால் மாரி வேணும்னா எதுக்கு மேடம் ஷூ?" அவன் கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே கேட்டான். பதில் தெரியாத கோபத்தில் அவன் கடையில் ஒன்றும் சரியில்லை என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் பாடாலூர் தாண்டும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு அளவு வேண்டும். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது எடுக்க வேண்டும் என்று பயிற்சிக்காரி சொல்லியிருந்தாள். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் நின்று பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு இழுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கைரேகை பார்த்து முடித்துக் கால்ரேகைக்கு வந்துவிட்டாயா என்றார். வலது கால் இடதைவிடப் பெரிது என்பது நாற்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். முதலில் வந்த ஜோடி நீளம் போதவில்லை, திருப்பி அனுப்பினேன். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிற மாதிரி அடுத்தது எடுத்தேன்.

இதில் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். ஜிம்முக்கு மெல்லிசு சரி, ரோட்டில் ஓடுவதற்குக் கொஞ்சம் தடிமனாக இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சிக்காரி சொன்னாள். நான் ஒன்று போதும் என்றேன். இருப்பதிலேயே மெல்லிசானது எதுவோ அதை எடுத்தேன். மூன்று மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டரில் இருந்திருந்தால் அதை எடுத்திருப்பேன்.

வந்த அன்று அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் மடக்கினார், மடங்கியது. சுருட்டினார், வெற்றிலை மாதிரி சுருண்டது.

"தோச மாரி இருக்கு. முள்ளு குத்தாதா இதுல?"

"உள்ள ஏறாதுப்பா. ஆனா முள்ளு இருக்குன்னு காலுக்குத் தெரியும்."

"தெரிஞ்சு?"

வெறுங்காலில் நடக்கிற மாதிரியே இருக்கும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள் என்றேன். விலையையும் சொல்லித் தொலைத்தேன். அப்பா அதை இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தார். பிறகு, "காசு குடுத்து வெறுங்கால வாங்கியாந்துருக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து, ஷூவை எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தார். எங்கள் வீட்டில் வெளியே கிடந்த முதல் செருப்பு அது. நான் அதை உள்ளே எடுக்கவில்லை. எனக்கும் வீம்பு. இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆபீசிலும் சிரித்தார்கள். வாத்துக்கால் என்றார் ஒருவர். "ரோடு ரோலர் ஏறிடுச்சா மேடம்?" என்றார் இன்னொருவர். போங்கடா என்று இருந்தது.

பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பத்து நிமிஷம் நடக்க மட்டும் பயன்படுத்தவும், ஓட வேண்டாம், இரண்டு மூன்று மாதம் கழித்து மெல்ல மெல்லக் கூட்டவும் என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. யாருக்குச் சொல்கிறான்? பிறந்ததிலிருந்து மெத்தையில் நடந்தவனுக்கு அது. நாங்கள் வெறுங்கால் பரம்பரை. எங்கள் காலுக்குப் பாடம் எடுக்க எவனும் வேண்டாம். பயிற்சிக்காரி கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். மீன்சுருட்டியில் அவளும் அப்படி வளர்ந்தவள்தான், ஆனாலும் அவள் தலையாட்டவில்லை. "பாத்துக்கா" என்று மட்டும் சொன்னாள். போட்டிக்கு ஏழு வாரம்கூட இல்லை. எனக்குப் பத்து நிமிஷம் நடக்க நேரம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் கிரவுண்டுக்குப் போனேன். முந்தின இரவு தூறல் போட்டிருந்தது. முதல் அடி வைத்ததும் நின்றுவிட்டேன். மண் தெரிந்தது. மண்ணுக்குள் இருந்த சரளை தெரிந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும்போது அதன் மொரமொரப்பு தனியாகத் தெரிந்தது. கட்டைவிரல் தரையை அழுத்தித் தள்ளுவது தெரிந்தது. ஒரு வேலையும் செய்யாமல் இத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்த விரல் அது. ஓடினேன். அழுதேனா என்று கேட்டால் இல்லை. பெயர் தெரியாத ஒரு சத்தம் தொண்டையில் வந்தது.

பன்னிரண்டு நாள் ஓடினேன். கிரவுண்டில், பிறகு தார்ரோட்டில், பிறகு இரண்டிலும். ஆடுதசை கல்லாக இறுகியது, படியில் பக்கவாட்டில் இறங்கினேன். பாதத்தின் மேல்பக்கம் ஓர் இடத்தில் வலி எடுத்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடினேன். வீங்கியது. வீக்கத்தோடு ஓடினேன். பதின்மூன்றாம் நாள் ஆபீஸ் படியில் கால் வைத்தேன், ஏற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாத்துக்கால் என்று சொன்னவர்தான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார்.

இரண்டாவது விரலுக்குப் போகிற எலும்பில் மயிர் மாதிரி ஒரு விரிசல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடி பட்டதா என்று கேட்டார். இல்லை, ஓடினேன் என்றேன். இந்த ஷூ எத்தனை நாளாக என்று கேட்டார். பன்னிரண்டு நாள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சின்ன வயதில் வெறுங்காலில் ஓடினவள் நான் என்று விளக்கம் சொன்னேன்.

"அந்தக் காலு இப்ப உங்ககிட்ட இல்லைங்களே" என்றார்.

ஆறு வாரம் கட்டை ஷூ மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். ஓட்டம் கிடையாது. போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே நாற்காலியில் அப்பா, அவர் காலும் ஸ்டூலில். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருஷம். பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. மிதிப்பது மண்ணா முள்ளா என்று தெரியாது. சர்க்கரைக்காரர்களுக்குத் தருகிற கறுப்பு ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றக் கூடாது. தினமும் சாயங்காலம் அவர் உள்ளங்காலில் கண்ணாடி பிடித்துப் புண் இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். அன்றைக்கும் நொண்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் காலைப் பற்றி அவர் பேச மாட்டார் என்று நினைத்தேன். பேசினார்.

"எதுக்கு அப்டி விழுந்தடிச்சு ஓடுன? மெதுவா ஓடுனா என்ன?"

நான் கடுப்பில் இருந்தேன். வெறுங்காலில் வளர்ந்த எனக்கு மெதுவாக என்ன என்று நினைத்துவிட்டேன், போதுமா என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ எங்க வெறுங்கால்ல வளந்த?"

அவர் பாதத்தில் பிடித்திருந்த கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

"நாந்தான் வளந்தேன். ஒங்க அம்மா வளந்தா. ஒன்ன நான் ஒரு நாளு செருப்பு இல்லாம வுட்டதில்ல. ஏரியில ஒரு மணி நேரம் ஓடுவ, அதோட சரி. அதுக்கே நீ வெறுங்காலாயிட்டியா?"

ஏரி எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பத்து வயதுக் குரலாகக் கேட்டது.

"ஏரிக்கரையில பஸ்ஸு போவாதா? நாலே முக்கால் ட்ரிப்பு நாந்தான். மரத்தடியில செருப்பு கெடக்கும், நீ உள்ள ஓடிக்கிட்டு இருப்ப."

"ஏன்ப்பா கேக்கல?"

"என்னத்தக் கேக்குறது? நல்லா ஓடுன."

வெறுங்காலோடு கடைக்குப் போனதற்கு அடித்தவர் இதைக் கேட்கவில்லை. ஏன் என்று அப்போதும் சொல்லவில்லை. என் நெஞ்சில் இருபத்தேழு வருஷமாக இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. அரியலூரில் நீ அந்த ஷூவை வாங்கித் தராமல் இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன் என்று சொல்லிவிட்டேன். வயதானவரிடம், காலில் உணர்ச்சி இல்லாதவரிடம், அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டே சொன்னேன். பேப்பர் அடைத்ததையும் சொன்னேன், விரல் ஏறிக்கொண்டதையும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொத மூணு பேரும் ஷூ போட்டுத்தான் ஓடுனாளுவ. பெரிய ஷூ வாங்குனது தப்புதான். அதுக்காவ நீ மொதல்ல வந்துருப்பன்னு சொல்லாத. அந்த மூணாவது புள்ள நல்ல ஓட்டக்காரி. நான் பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அதைப் பற்றவைத்துவிட்டு நின்றேன். அவர் சொன்னது உண்மை. வெறுங்கால் எனக்குப் பரம்பரையாக வந்தது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேனே, அந்த வெறுங்கால் அவருடையது. அவர் பட்டதை நான் எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். எனக்குச் செருப்பு இருந்தது. கழற்ற முடிந்ததால்தான் அது எனக்குச் சுகமாக இருந்தது. வெறுங்கால் மாதிரி வேண்டுமென்றால் எதற்கு ஷூ என்று திருச்சிக் கடைக்காரன் கேட்டதற்கு இதுதான் பதில் என்று தோன்றியது. ஆனால் அதைத் தெரிந்துகொண்டதால் என் ஆசை ஒரு பிடி கூடக் குறையவில்லை. அதுதான் கேவலமாக இருந்தது. ஜெயித்திருக்க மாட்டேன் என்று தெரிந்த பிறகும் அந்த ஓட்டம் வேண்டும் போல இருந்தது.

திரும்பி வந்தபோது அப்பா, வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கிறது என்றேன். "வலிக்கட்டும். எனக்கு அதுவும் இல்ல" என்றார். பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார். இருவரும் சிரித்துவிட்டோம்.

போட்டி நாளன்று அரியலூருக்குப் போனேன். ஓடாதவள் எதற்கு என்று ஆபீசில் கேட்டார்கள். பட்டியலில் என் பெயர் இருக்கிறது, வரவில்லை என்று யாரோ கோடு போடுவதற்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும் என்றேன். பஸ்ஸில் முதலில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னும் பின்னும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. என் காலைப் பார்த்து ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார்.

எண்ணூறு மீட்டருக்கு ஏழு பேர் நின்றார்கள். எல்லாருக்கும் என் வயது, கூடக்குறைய. சுடிதாரில் துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தார்கள். ஒருத்தி வளையலைக் கழற்றித் தோழியிடம் கொடுத்தாள். எட்டாவது கோடு காலியாக இருந்தது, எனக்குப் போட்டது. விசில் ஊதியபோது சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்த என் கால்விரல்கள் ஐந்தும் அந்தக் கட்டை ஷூவுக்குள் மடங்கித் தரையைத் தேடின. முதல் சுற்றில் எல்லாரும் பேசிக்கொண்டே ஓடினார்கள். இரண்டாவது சுற்றில் ஒரு நர்ஸ் பிரிந்து முன்னால் போனாள். அழகாக ஓடினாள். சாதாரண நுரை ஷூதான். அவளை வெறுக்கலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. கை தட்டினேன்.

அப்பா போன் பண்ணினார். யார் முதலில் என்று கேட்டார், ஒரு நர்ஸ் என்றேன்.

"ஷூவா?"

"ஷூதான்."

"சரி. சாப்ட்டுட்டு வா."

ஆறு வாரம் முடிந்து கட்டை ஷூவைக் கழற்றிய பிறகு, பெட்டியில் வந்த அந்தச் சீட்டை எடுத்து முதல் வரியிலிருந்து செய்தேன். நாளுக்குப் பத்து நிமிஷம் நடை. வீட்டில் தரையில் துண்டை விரித்துக் கால்விரலால் சுருட்டி இழுக்கிற பயிற்சி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு நேற்றைவிடக் கொஞ்சம் கூட வந்திருக்கிறது என்று கணக்குச் சொல்வார். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். ரோட்டுக்கு என்று கொஞ்சம் தடிமனான ஒரு ஜோடியும் வாங்கினேன். இரண்டு மாதம் இப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பொறுமையாக எதையும் செய்ததில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான்.

மூன்றாம் மாதம் பயிற்சிக்காரி கிரவுண்டுக்குக் கூட வந்தாள். கால் பழகுவதற்கு மண்தரையில் மெல்லிசான ஷூவே போதும் என்றாள். ஒரு நிமிஷம் ஓட்டம், மூன்று நிமிஷம் நடை, அவ்வளவுதான் அன்றைக்கு என்று போனில் மணி வைத்தாள். மணி அடித்ததும் நிற்காவிட்டால் இனிமேல் வரமாட்டேன் என்று மிரட்டினாள். நான் மெதுவாக ஆரம்பித்தேன். வேகமாக ஓட வேண்டும் என்று தொடை கெஞ்சியது, விடவில்லை. மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்காலுக்கு வந்தது. முதலில் குளிர்ச்சி, பிறகு மேடு பள்ளம், பிறகு சரளை. வளைவு வந்தது. வளைவைத் தாண்டினால் நேர்கோடு, அதில் யாருமே இல்லை, நீளமாகக் கிடந்தது.

மணி அடித்தது.

நின்றேன். மூச்சுகூட வாங்கவில்லை. அந்த நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டு, அவள் சொன்ன மூன்று நிமிஷத்தை நடக்க ஆரம்பித்தேன்.